தண்ணீர் போடும் கணக்கு

தென்காசி மாவட்டத்துச் சுரண்டையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பிள்ளைகள் நீச்சல் பழகிய இடம் தோட்டத்துக் கிணறு. முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, மறுமுனையைத் தகப்பனோ தாய்மாமனோ பிடித்துக்கொள்ள, பிள்ளை தண்ணீருக்குள் இறங்கும். பிறகு சுரைக்குடுக்கையின் இடத்துக்கு மூடி இறுக்கிய எண்ணெய்க் கேனும் லாரி டியூபும் வந்தன. பொருள் மாறியது, அதன் பின்னால் இருக்கும் இயற்பியல் அப்படியேதான் இருக்கிறது.

அந்த இயற்பியலைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 4 லிட்டர் கொள்ளளவுள்ள குடுக்கை முழுக்க அமுங்கும்போது 4 லிட்டர் தண்ணீரை விலக்குகிறது. விலகிய தண்ணீரின் எடை 4 கிலோ. குடுக்கையின் சொந்த எடையைக் கழித்தால் மூன்றரை கிலோ அளவுக்கு மேல்நோக்கிய விசை மிஞ்சும். வளர்ந்த ஒரு மனிதரின் தலை நான்கரை முதல் 5 கிலோ வரை இருக்கும். பிள்ளையின் தலை அதைவிடக் குறைவு. கழுத்தளவு தண்ணீரில் இருக்கும் பிள்ளையின் உடம்பைத் தண்ணீரே ஏறக்குறைய முழுதாகத் தாங்கிவிடுகிறது. வெளியே நிற்கும் தலைக்கு மட்டும்தான் கூடுதல் உதவி வேண்டும். அதற்கு அந்தக் குடுக்கை போதும்.

இந்தக் கணக்கில் கால்கள் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். மிதப்பதற்குக் கால்களின் பலம் தேவையில்லை. சரி, நீந்துவதற்கு? நீந்தி ஒரு போட்டியில் வெல்வதற்கு? இடுப்புக்குக் கீழே அசைவில்லாத ஒருவர் தண்ணீரில் எவ்வளவு வேகமாகப் போக முடியும்? 1972-ஆம் ஆண்டு ஓர் இந்தியர் இதற்கு விடை தந்தார்: 50 மீட்டரை 37.33 விநாடியில் கடக்க முடியும். அவர் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார், அவருடைய உடம்பும் தண்ணீரும் அந்த 37 விநாடிகளில் என்ன செய்தன என்பதுதான் இந்த அத்தியாயம்.

படுக்கையிலிருந்து குளத்துக்கு

முரளிகாந்த் பேட்கர் 1944 நவம்பர் 1 அன்று மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்திலுள்ள பேட் இஸ்லாம்பூரில் பிறந்தவர். இந்திய ராணுவத்தில் மின்னணு, இயந்திரப் பொறியியல் பிரிவில் சேர்ந்தார். அங்கே அவர் பேர் வாங்கியது குத்துச்சண்டையில். 1965-இல் இந்திய-பாகிஸ்தான் போரில் அவர் உடம்பில் பல குண்டுகள் பாய்ந்தன. ஒரு குண்டு முதுகுத்தண்டில் தங்கிவிட்டது. உயிர் பிழைத்தார், ஆனால் இடுப்புக்குக் கீழே உடம்பு அவர் சொல்வதைக் கேட்கவில்லை.

மும்பையிலுள்ள கடற்படை மருத்துவமனையான அஸ்வினியில் நீண்ட நாள் சிகிச்சை நடந்தது. அந்தச் சிகிச்சையின் ஒரு பகுதியாகத்தான் அவரை நீந்தச் சொன்னார்கள். பதக்கத்தைப் பற்றி அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். சுருங்கிக்கொண்டிருக்கும் தசைகளைக் காப்பாற்ற வேண்டும், மூட்டுகள் இறுகிவிடாமல் பார்க்க வேண்டும், நெஞ்சுக்கும் தோளுக்கும் வேலை கொடுக்க வேண்டும் என்பதே மருத்துவர்களின் நோக்கம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான விளையாட்டே இப்படி ஒரு மருத்துவமனையில் பிறந்ததுதான். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயம் பட்ட ராணுவ வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த லுட்விக் குட்மன், 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேரைக் கொண்டு ஒரு வில்வித்தைப் போட்டி நடத்தினார். 1960-இல் ரோமில் அது பாராலிம்பிக் என்னும் உலகப் போட்டியாக வளர்ந்தபோது நீச்சலும் அதில் இருந்தது. இந்தியா முதன்முதலாகக் கலந்துகொண்டது 1968-இல், டெல் அவிவில். அந்த அணியில் பேட்கரும் இருந்தார்; அங்கே ஆடியது டேபிள் டென்னிஸ். நான்கு ஆண்டுகள் கழித்து, 1972 ஆகஸ்டில், மேற்கு ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நீச்சல் குளத்தில் இறங்கினார். 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் 37.33 விநாடி, உலக சாதனை, தங்கம். ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டையும் சேர்த்து இந்தியர் ஒருவர் தனிநபராக வென்ற முதல் தங்கம் அதுதான். அபினவ் பிந்த்ரா துப்பாக்கி சுடுதலில் தங்கம் வென்ற 2008-ஆம் ஆண்டுக்கு 36 ஆண்டுகள் முந்தியது.

தண்ணீருக்குள் எடை என்னவாகிறது?

கிணற்றில் நீர் இறைத்தவர்களுக்கு இது தெரியும். வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை கயிறு கையில் லேசாக இருக்கும். வாளி நீர்மட்டத்தைத் தாண்டி மேலே வந்ததும் தோள்பட்டையில் பாரம் தெரியும். வாளியும் அதற்குள் இருக்கும் 10 லிட்டர் தண்ணீரும் மாறவில்லை. உள்ளே இருந்தபோது சுற்றியிருந்த தண்ணீர் அந்த 10 கிலோவைத் தாங்கிக்கொண்டது. ஆர்க்கிமிடீஸ் சொன்ன விதி இதுதான்: ஒரு பொருள் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ, அவ்வளவு தண்ணீரின் எடைக்குச் சமமான விசை அதை மேலே தள்ளும்.

மனித உடம்பின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்திக்கு மிக அருகில் இருக்கிறது. கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. தசை சற்றுக் கனமானது. எலும்பு மிகவும் கனமானது. மூச்சை நிறைய இழுத்துக்கொண்டால் நுரையீரலில் சேரும் காற்று மொத்த அடர்த்தியைத் தண்ணீருக்குக் கீழே கொண்டுவந்துவிடும், அதனால்தான் மிதக்கிறோம். நீர்ச் சிகிச்சையில் பயன்படும் அளவுகள் இவை: இடுப்பளவு தண்ணீரில் நிற்பவரின் கால்கள் உடல் எடையில் ஏறத்தாழ பாதியைத்தான் தாங்குகின்றன. நெஞ்சளவில் அது மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. கழுத்தளவில் பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிடுகிறது. 60 கிலோ எடையுள்ளவர் கழுத்தளவு தண்ணீரில் சுமப்பது 6 கிலோ மட்டுமே. நிலத்தில் சொந்தக் காலில் நிற்க முடியாத பலர் நெஞ்சளவு தண்ணீரில் நிற்க முடிவதற்குக் காரணம் இதுவே.

தண்ணீர் தாங்குவதோடு நிற்பதில்லை, அழுத்தவும் செய்கிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் ஏறத்தாழ 74 மில்லிமீட்டர் பாதரசம். நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கிச் சுருங்கி, காலில் தேங்கும் ரத்தத்தை நெஞ்சுக்கு ஏற்றி அனுப்புகின்றன. அந்தத் தசைகள் செயலிழந்தவருக்கு ரத்தம் கால்களிலேயே தேங்கும். தண்ணீருக்குள் இறங்கியதும் நாலாபுறமும் இருந்து வரும் அழுத்தம் தசைகள் செய்ய வேண்டிய வேலையைச் செய்து, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்புகிறது. பேட்கரைப் போன்றவர்களை மருத்துவர்கள் குளத்துக்குள் இறக்கியதற்கு இத்தனை காரணங்கள் உண்டு.

முள்ளெலும்பின் எண்

கழுத்தில் 7, நெஞ்சுப் பகுதியில் 12, இடுப்பில் 5 என்று முள்ளெலும்புகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் நடுவே இறங்கும் தண்டுவடத்திலிருந்து நரம்புகள் வரிசையாகக் கிளைக்கின்றன. கழுத்தின் நடுப்பகுதியிலிருந்து கிளம்பும் நரம்புகள் உதரவிதானத்தை இயக்குகின்றன. அதற்குச் சற்றுக் கீழே கிளம்புபவை தோள், முழங்கை, விரல்களுக்குப் போகின்றன. நெஞ்சுப் பகுதி நரம்புகள் விலா, வயிறு, முதுகுத் தசைகளுக்கும், இடுப்புப் பகுதி நரம்புகள் கால்களுக்கும் போகின்றன. தண்டுவடம் எந்த இடத்தில் அறுபடுகிறதோ அதற்குக் கீழே மூளையின் கட்டளை போகாது. கீழேயிருந்து உணர்வும் மேலே வராது. ஆகவே எந்த எண் எலும்பில் காயம் என்பது ஒருவருடைய வாழ்க்கையையே தீர்மானிக்கிறது. இரண்டு அங்குலம் கீழே அடிபட்டிருந்தால் கைகள் தப்பியிருக்கும் என்ற நிலையில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

சுரண்டைக்கு அருகிலுள்ள ஆய்க்குடியில் இதை நேரிலேயே அறிந்தவர் ஒருவர் இருக்கிறார். பொறியியல் மாணவராக இருந்த எஸ். ராமகிருஷ்ணன் 1975-இல் பெங்களூரில் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் உயரத்திலிருந்து விழுந்தார். காயம் கழுத்துத் தண்டுவடத்தில். கழுத்துக்குக் கீழே இயக்கம் போனது. ஊர் திரும்பிய அவர் 1981-இல், சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டில், அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைச் சங்கத்துக்கு வைத்தார். தசைச்சிதைவு நோயோடு வாழும் பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் பின்னர் அவரோடு சேர்ந்தார். தண்டுவடக் காயம் பட்டவர்களுக்கான மறுவாழ்வுப் பணி அந்தச் சங்கத்தின் முக்கிய வேலைகளில் ஒன்று. ராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

கழுத்தில் பட்ட காயம் தசைகளை மட்டும் பாதிப்பதில்லை. இதயத்தை வேகப்படுத்தும் தன்னியக்க நரம்புகளும் நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்தின் மேற்பாதியிலிருந்துதான் கிளம்புகின்றன. அதற்கு மேலே தண்டுவடம் முழுதாக அறுபட்டால், எவ்வளவு கடினமாக உழைத்தாலும் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 130-ஐத் தாண்டுவது அரிது. காயத்துக்குக் கீழே வியர்க்காது, குளிரில் நடுங்காது. ஆனால் ஒரு வியப்பான செய்தி உண்டு. கழுத்துவரை தண்ணீரில் இருக்கும்போது நல்ல உடல்நிலையில் உள்ளவருக்கு மூச்சின் கொள்ளளவு சற்றுக் குறைகிறது. கழுத்துத் தண்டுவடம் அறுபட்டவருக்கோ அது கூடுகிறது. தளர்ந்த வயிற்றைத் தண்ணீர் உள்ளே அழுத்தி, உதரவிதானத்தை அது நன்றாக வேலை செய்யக்கூடிய இடத்துக்கு ஏற்றிவிடுகிறது. நிலத்தில் மூச்சுக்குச் சிரமப்படும் உடம்புக்குத் தண்ணீர் இப்படி ஒரு கை கொடுக்கிறது.

37.33 விநாடிக்குள் நடந்தது

50 மீட்டரை 37.33-ஆல் வகுத்தால் விநாடிக்கு 1.34 மீட்டர். மணிக்கு 4.8 கிலோமீட்டர். நல்ல கால்களுள்ள ஒருவர் சாலையில் எட்டிப்போட்டு நடக்கும் வேகம் அது. நிலத்தில் ஓரடி எடுத்து வைக்க முடியாத மனிதர், காற்றைவிட 800 மடங்கு அடர்த்தியான தண்ணீருக்குள், நடப்பவர்களின் வேகத்தில் போனார்.

இதன் அருமையை உணர, தண்ணீரின் தடையைப் புரிந்துகொள்ள வேண்டும். வேகம் இரட்டிப்பானால் தடை நான்கு மடங்காகும். அதைச் சமாளிக்க ஒவ்வொரு விநாடியும் தேவைப்படும் ஆற்றலோ எட்டு மடங்காகும். அதே 1972-இல், சில வாரங்கள் கழித்து, மியூனிக் ஒலிம்பிக்கில் மார்க் ஸ்பிட்ஸ் 100 மீட்டரை 51.22 விநாடியில் நீந்தி உலக சாதனை செய்தார். அவருடைய சராசரி வேகம் விநாடிக்கு 1.95 மீட்டர். ஸ்பிட்ஸுக்குக் குதித்துத் தொடங்கவும், திரும்பும்போது சுவரை உதைக்கவும், நீந்தும்போது அடித்துக்கொண்டே போகவும் இரண்டு கால்கள் இருந்தன. பேட்கருக்கு அவற்றில் எதுவும் இல்லை. இருந்தும் ஸ்பிட்ஸின் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் அவர் எட்டிவிட்டார்.

ஃப்ரீஸ்டைலில் உந்துவிசையின் பெரும்பகுதி, ஏறத்தாழ 85 முதல் 90 விழுக்காடு வரை, கைகளிலிருந்தே வருகிறது. அப்படியானால் கால்கள் இல்லாததால் பத்து விழுக்காடுதானே நட்டம் என்று தோன்றும். கால்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நுரையீரல் நெஞ்சில் இருப்பதால் தண்ணீர் தாங்கும் விசையின் மையம் நெஞ்சுப் பக்கமாக இருக்கிறது. உடம்பின் எடை மையம் அதற்குச் சில சென்டிமீட்டர் கீழே, இடுப்புப் பக்கமாக இருக்கிறது. இந்த இடைவெளி கால்களைக் கீழே இழுக்கிறது. நல்ல நீச்சல்காரர் கால்களை அடித்து உடம்பைக் கிடைமட்டமாக வைத்துக்கொள்கிறார். கால்கள் இறங்கினால், முன்னே செல்லும் உடம்பு அதிகமான தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கும், தடை ஏறும். வயிற்றுத் தசைகளும் இல்லையென்றால் ஒவ்வொரு கைவீச்சுக்கும் இடுப்பு பக்கவாட்டில் அலைபாயும். தடை இன்னும் ஏறும்.

இதற்கு நீச்சல்காரர்கள் கண்ட வழிகள் எளிமையானவை, ஆனால் கடும் பயிற்சி கேட்பவை. தலையைத் தாழ்த்தி நெஞ்சைத் தண்ணீருக்குள் சற்று அழுத்தினால் இடுப்பு மேலே எழும். கையை நீளமாக வீசுவதற்குப் பதில், வீச்சின் எண்ணிக்கையைக் கூட்டினால் வேகம் இடையில் விழாமல் இருக்கும். முன்னங்கையையும் உள்ளங்கையையும் ஒரே பரப்பாகப் பிடித்துத் தண்ணீரைப் பின்னே தள்ள வேண்டும். நீண்டகாலமாகச் செயலிழந்த கால்களில் தசை மெலிந்து, எலும்பின் கனமும் குறைந்திருப்பதால் சிலருக்குக் கால்கள் தாமாகவே மேலெழும். அவர்களுக்கு அது ஓர் அனுகூலம். சிலருக்குத் தசை இறுக்கத்தால் முழங்கால் மடங்கிக்கொள்ளும்; அவர்களுக்கு அது பெரும் தடை. ஒருவருக்குச் சொன்ன நுட்பத்தை இன்னொருவருக்கு அப்படியே சொல்ல முடியாது. பயிற்சியாளர் ஒவ்வொரு உடம்பையும் தனியாகப் படிக்க வேண்டும்.

யாரோடு யார் நீந்துவது?

உடம்புகள் இத்தனை விதமாக இருக்கும்போது நியாயமான போட்டி எப்படி நடத்துவது? பேட்கர் நீந்திய காலத்தில் போட்டியாளர்கள் எல்லோரும் சக்கர நாற்காலி பயன்படுத்தியவர்கள். தண்டுவடத்தில் காயம் எந்த உயரத்தில் என்பதை வைத்து மருத்துவர்கள் அவர்களைப் பிரித்தார்கள். பேட்கர் மூன்றாம் பிரிவு. 1976-இல் கை கால் இழந்தவர்களும் பார்வையற்றவர்களும், 1980-இல் பெருமூளை வாதம் உள்ளவர்களும் சேர்ந்தபோது அந்த முறை போதவில்லை. காயத்தின் பெயரைக் கேட்பதை விட்டு, தண்ணீரில் உடம்பு என்ன செய்கிறது என்று பார்க்கும் முறை வந்தது. 1992-இல் பார்சிலோனாவில் அது நடைமுறையில் இருந்தது.

அதன்படி உடல் குறைபாடு உள்ளவர்களுக்கு எஸ்-1 முதல் எஸ்-10 வரை பிரிவுகள். எண் சிறிதாக ஆக, பாதிப்பு பெரிது. எஸ்-11 முதல் எஸ்-13 வரை பார்வைக் குறைபாடு. எஸ்-14 அறிவுத்திறன் குறைபாடு. மொத்தம் 300 புள்ளிகளில் கைகளுக்கு 130, கால்களுக்கு 100, நடு உடலுக்கு 50, தொடக்கத்துக்கும் திரும்புதலுக்கும் தலா 10 என்று பங்கிட்டு, ஒவ்வொரு மூட்டின் அசைவையும் தசையின் பலத்தையும் சோதித்து, பிறகு குளத்தில் நீந்தவிட்டும் பார்த்து மதிப்பிடும் முறை பல ஆண்டுகள் வழக்கில் இருந்தது. மார்பு நீச்சலுக்கு மட்டும் தனிக்கணக்கு. அதில் கால்களின் உதைதான் உந்துதலில் பெரும்பங்கு என்பதால் கால்களுக்கு 120, கைகளுக்கு 110. ஒரே நீச்சல்காரர் ஃப்ரீஸ்டைலில் ஒரு பிரிவிலும் மார்பு நீச்சலில் வேறு பிரிவிலும் இருப்பதற்குக் காரணம் இந்த வேறுபாடுதான்.

போட்டியில் செயற்கைக் காலோ மிதவையோ அணியக் கூடாது. குதிக்க முடியாதவர்கள் தண்ணீருக்குள் இருந்தபடியே தொடங்கலாம். முற்றிலும் பார்வையற்ற பிரிவில் எல்லோரும் ஒளிபுகாத கண்ணாடி அணிவார்கள். சுவர் நெருங்கும்போது கரையில் நிற்பவர் நுனியில் பஞ்சு கட்டிய கோலால் மெல்லத் தட்டிச் சொல்வார். கருவிகள் எதுவும் இல்லாமல், இருக்கும் உடம்பை மட்டும் வைத்துக்கொண்டு மோதும் விளையாட்டு இது.

நீச்சலுக்கு அவர்கள் எப்படி வந்தார்கள்?

பேட்கருக்குப் பின் வந்த சிலருடைய வாழ்க்கையைப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது.

பெங்களூரின் சரத் கெயிக்வாட் இடது கை முழுமையாக வளராமல் பிறந்தவர். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்றால் ஒவ்வொரு வீச்சிலும் உடம்பு ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும். அதை இடுப்பாலும் கால்களாலும் நேராக்கிக்கொண்டே நீந்த வேண்டும். அவர் படித்த பள்ளியில் நீச்சல் எல்லா மாணவர்களுக்கும் உண்டு. அதனால்தான் அவரும் தண்ணீரில் இறங்கினார். 2012-இல் லண்டன் பாராலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். 2014-இல் இஞ்சியோன் ஆசியப் பாரா விளையாட்டில் 6 பதக்கங்கள் வென்று, ஒரே ஆசியப் போட்டியில் 5 பதக்கங்கள் என்று 1986-இல் பி.டி. உஷா வைத்திருந்த இந்தியச் சாதனையைக் கடந்தார்.

மும்பையைச் சேர்ந்த ஜியா ராய் ஆட்டிசம் உள்ள பெண். அவருக்கும் நீச்சல் சிகிச்சையாகவே அறிமுகமானது. 2022 மார்ச் 20 அன்று, 13 வயதில், தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடி வரை பாக் நீரிணையின் 29 கிலோமீட்டரை 13 மணி 10 நிமிடத்தில் நீந்திக் கடந்தார். 2024-இல் ஆங்கிலக் கால்வாயையும் கடந்தார்.

தமிழ்நாட்டின் சான்று மாதவி லதா. கைக்குழந்தையாக இருந்தபோது இளம்பிள்ளைவாதம் தாக்கியவர். சென்னையில் வங்கிப் பணியில் இருந்தார். இளம்பிள்ளைவாதக் கிருமி தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அழிக்கிறது. தொடு உணர்வை விட்டுவைக்கிறது. தசைகளின் பிடிப்புச் சமமில்லாமல் போவதால் ஆண்டுகள் செல்லச் செல்ல முதுகெலும்பு வளைந்து நுரையீரலை நெருக்கும். மாதவி லதாவுக்கு அதுதான் நேர்ந்தது. உடல்நிலை மோசமான கட்டத்தில் நீர்ச் சிகிச்சைக்குப் போனார். தண்ணீருக்குள் தம்மால் அசைய முடிகிறது என்று கண்டார். சிகிச்சை நீச்சலானது, நீச்சல் தேசியப் போட்டிகளில் பதக்கமானது. அதோடு நிற்காமல் தமிழ்நாடு பாராலிம்பிக் நீச்சல் சங்கத்தை உருவாக்கி, மற்றவர்களைக் குளத்துக்கு அழைத்துவந்தார். பிறகு சக்கர நாற்காலிக் கூடைப்பந்தை இந்தியாவில் வளர்க்கும் கூட்டமைப்பின் தலைவரானார்.

பேட்கர், ஜியா, மாதவி லதா மூவரையும் சிகிச்சை தண்ணீருக்குக் கொண்டுவந்தது. சரத்தைப் பள்ளி கொண்டுவந்தது. ஒருவருக்கும் முதல் நாளில் பதக்கக் கனவு இல்லை. யாரோ ஒருவர் அவர்களைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டார். மீதியைத் தண்ணீரும் அவர்களுடைய உழைப்பும் செய்தன. இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வந்ததும் இதைத்தான். குறைபாடுள்ள உடம்பால் நீந்த முடியுமா என்ற கேள்வியை இயற்பியலும் உடலியலும் எப்போதோ தீர்த்துவைத்துவிட்டன. தீராமல் இருப்பது, அந்த உடம்பு தண்ணீரை அடைவதற்கான வழி. 1972-க்குப் பிறகு 2024 பாரிஸ் வரை பாராலிம்பிக் நீச்சலில் இந்தியாவுக்கு இன்னொரு பதக்கம் கிடைக்கவில்லை. பேட்கருக்கே பத்மஸ்ரீ 2018-இல்தான் வந்தது. வாழ்நாள் சாதனைக்கான அர்ஜுனா விருது 2025 ஜனவரியில் அவர் கைக்குச் சேர்ந்தது. நாடு தன் முதல் வெற்றியைக் கவனிக்கவே அரை நூற்றாண்டு ஆனது.

நம் பகுதியில் செய்ய வேண்டியவை

முதலில் ஓர் எச்சரிக்கை. தண்ணீர் தாங்கும், தண்ணீரின் தரை தாங்காது. ஆழம் தெரியாத கிணற்றிலும் குளத்திலும் ஆற்றுக் கசத்திலும் தலைகீழாகப் பாய்வது, கழுத்துத் தண்டுவடம் முறிவதற்கான காரணங்களில் ஒன்று. பெரும்பாலும் முறிவது கழுத்தின் ஐந்தாம், ஆறாம் எலும்புகள். கோடையில் நீர்மட்டம் இறங்கிய கிணற்றில் போன மாதம் பாய்ந்த இடம் இந்த மாதம் பாறையாக இருக்கும். முதலில் காலால் இறங்கி ஆழம் பாருங்கள். பிள்ளைகளுக்கும் அதையே சொல்லுங்கள். அடிபட்டவரைத் தூக்கும்போது கழுத்தை வளைக்காமல், தலையையும் உடம்பையும் ஒரே நேராகத் தாங்கி வெளியே கொண்டுவாருங்கள். முறிந்த எலும்பு அந்த நேரத்தில் அசைந்து தண்டுவடத்தை அறுத்துவிடலாம்.

தண்டுவடக் காயமோ பெருமூளை வாதமோ உள்ள பிள்ளையைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன் மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேளுங்கள். வலிப்பு உண்டா, மூச்சுப் பிரச்சினை உண்டா, ஆறாத படுக்கைப்புண் உண்டா என்று அவர்கள் பார்க்க வேண்டும். உணர்வற்ற தோல் கிணற்றுக் கல்லில் உராய்ந்தாலும் பிள்ளைக்குத் தெரியாது. நடுங்க முடியாத உடம்பு சாரல் காலத்துக் குளிர்ந்த தண்ணீரில் சீக்கிரம் சூட்டை இழக்கும். சிகிச்சைக் குளத்தின் தண்ணீரை 33, 34 டிகிரி வெப்பத்தில் வைப்பது அதற்காகவே. நெஞ்சுப் பகுதியின் ஆறாம் முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ காயம் உள்ளவருக்குத் திடீரென்று தலைவலியும் முகச் சிவப்பும் வந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறுகிறது என்று பொருள். உடனே வெளியே எடுத்து உட்காரவைத்து, உதவி தேட வேண்டும்.

அடுத்து, பொதுக் குளங்களைப் பற்றி. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, விளையாட்டில் அவர்கள் பங்குபெற வழி செய்வதை அரசின் கடமையாக்குகிறது. அந்தக் கடமை ஒரு நீச்சல் குளத்தில் என்னவாகத் தெரிய வேண்டும்? வாசலில் இருந்து தண்ணீர்வரை படியில்லாத வழி. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற சரிவில், கைப்பிடியோடு தண்ணீருக்குள் இறங்கும் சாய்தளம். சக்கர நாற்காலியிலிருந்து ஒருவரைத் தூக்கி இறக்கும் இயந்திரம். நாற்காலி திரும்புவதற்கு இடமுள்ள உடைமாற்றும் அறை. இந்தப் பிள்ளைகளோடு வேலை செய்யப் பயிற்சி பெற்ற ஒருவர். குளம் கட்டும்போதே இவற்றைச் சேர்த்துவிட்டால் செலவு சிறிது. கட்டி முடித்த பிறகு இடித்துச் செய்தால் செலவும் பெரிது, மனமும் வராது.

2019 நவம்பரில் பிறந்த தென்காசி மாவட்டத்துக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அருவியும் ஆறும் குளமும் கிணறுமாகத் தண்ணீரோடு வாழும் மக்கள் இங்கே இருக்கிறார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மறுவாழ்வுப் பணி செய்த அனுபவம் ஆய்க்குடியில் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் இனிக் கட்டப்படும் ஒவ்வொரு பொது நீச்சல் குளத்தின் வரைபடத்திலும் சாய்தளம் இருக்கிறதா என்று கேளுங்கள். கிராம சபையில் கேளுங்கள், நகர்மன்றத்தில் கேளுங்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ நடக்க முடியாத ஒரு பிள்ளை இருந்தால், நீச்சல் கற்றுக்கொடுக்கும் பட்டியலில் அந்தப் பெயரையும் சேருங்கள்.